அணியும் பழியும்

நம் அணி ஓர் ஆட்டத்தில் தோற்றுவிட்டால், மறுநாட் காலையிற் கொழும்பு மாநகரில் தேர்வாளர் அல்லாத ஒருவரைக் காண்பது அரிது. வெள்ளவத்தைக் காலி வீதியின் தேநீர்க் கடைகளிலும், கொட்டாஞ்சேனையின் சிகையலங்கார நிலையங்களிலும், பஸ் தரிப்பிடங்களிலும், பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிலும் எழுவது ஒரே வினாவாகும். "இவனை ஏன் எடுத்தார்கள்? அவனை ஏன் விட்டார்கள்?" முதல்நாள் மாலை வரையில் அந்தப் பதினொருவரின் பெயரையும் முறையாகச் சொல்லத் தெரியாதவரும், மறுநாட் காலையில் அவரவர்க்குரிய இடத்தை வரையறுத்துச் சொல்லும் வல்லுநராகி விடுகிறார்.

இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் இதனுள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தோல்விக்குப் பின் ஓர் அணியை மதிப்பிடுதல் எப்பொழுது ஆராய்ச்சியாகிறது, எப்பொழுது பழியாகிறது என்பதே அது. இலக்கியத்தை மதிப்பிடுவோர்க்கும், மாணாக்கரை மதிப்பிடும் ஆசிரியர்க்கும் இவ்வினா அயலானதன்று.

அணி என்னும் சொல்லையே முதலில் நோக்குவோம். அழகு, ஆபரணம், வரிசை, படைவகுப்பு எனப் பல பொருள் அதற்குண்டு. செய்யுளுக்கு அழகு செய்யும் உவமை முதலியவற்றையும் அணி என்றே வழங்குகிறோம். விளையாட்டுக் குழுவுக்கு இப்பெயர் வாய்த்தது மிகப் பொருத்தம். வென்ற நாளில் அணி நமக்கு ஆபரணம், எடுத்துப் பூண்டுகொள்கிறோம். தோற்ற நாளில் அது வெறும் வரிசை. யார் எவ்விடத்தில் நின்றார் என்று எண்ணத் தொடங்குகிறோம்.

இலக்கணத்திலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. வென்றால், "நாங்கள் வென்றுவிட்டோம்" என்பது பேச்சு. தோற்றாலோ, "அவர்கள் தோற்றுவிட்டார்கள்" என்பர். தன்மைப் பன்மை ஓரிரவுக்குள் படர்க்கைப் பன்மையாகி விடுகிறது. நம்மவர் பேசும் விளையாட்டுப் பேச்சில் நிகழும் திரிபுகளுள் இதனினும் பெரிய திரிபு வேறில்லை.

மும்பையில் ஓர் இரவு

இதனை விளக்குதற்கு இந்நகரத்தார் இன்னும் மறவாத ஒரு தோல்வியை எடுத்துக்கொள்வோம். 2011 ஆம் ஆண்டு ஏப்பிரல் 2 ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம் நடைபெற்றது. இலங்கையும் இந்தியாவும் எதிர்நின்றன. நாணயச் சுழற்சியே இரண்டு முறை நிகழவேண்டியதாயிற்று. முதன்முறை கேட்டது சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறை வென்ற இலங்கைத் தலைவர் குமார் சங்கக்கார முதலில் துடுப்பெடுத்தாடத் தீர்மானித்தார்.

இலங்கை 50 ஓவர்களில் 6 விக்கெட்டுகளை இழந்து 274 ஓட்டங்களைப் பெற்றது. மஹேல ஜயவர்தன 88 பந்துகளில் 103 ஓட்டங்களை எடுத்து ஆட்டமிழக்காது நின்றார். இந்தியா ஆடத் தொடங்கிய இரண்டாவது பந்திலேயே சேவாக்கை லசித் மாலிங்க வீழ்த்தினார். சிறிது நேரத்தில் டெண்டுல்கரும் மாலிங்கவின் பந்தில் வெளியேறினார். இந்தியா 31 ஓட்டங்களுக்கு 2 விக்கெட். அந்த வேளையில் கிண்ணம் கொழும்புக்கு வந்துவிட்டதென்றே பலர் எண்ணினர். ஆனாற் கம்பீர் 97 ஓட்டங்களையும், தோனி ஆட்டமிழக்காமல் 91 ஓட்டங்களையும் எடுத்தனர். 48.2 ஓவர்களில் 277 ஓட்டங்களை எடுத்து, 6 விக்கெட்டுகளால் இந்தியா வென்றது. உலகக் கிண்ண இறுதியாட்டத்திற் சதமடித்த ஒருவரின் அணி தோற்றது அதுவே முதன்முறை.

அந்நாளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இல்லங்களில் நிலவிய மனநிலை ஒருபடித்தானதன்று. 2009 மே மாதத்திற் போர் முடிந்து இரண்டாண்டு நிறையாத காலம் அது. ஒரே வீட்டில் ஒருவர் இந்தியாவின் பக்கம். ஒருவர் இலங்கையின் பக்கம். ஒருவர் தொலைக்காட்சியை நோக்காமலே இருந்துவிட்டார். இலங்கை அணியில் முத்தையா முரளிதரன் இருந்தார். அவருக்கு அதுவே இறுதிச் சர்வதேச ஆட்டம். அதற்கு முந்திய அரையிறுதியில், தாய்நாட்டு மண்ணில் தாம் வீசிய இறுதிப் பந்திலேயே அவர் ஒரு விக்கெட்டை வீழ்த்தியிருந்தார். கொட்டாஞ்சேனைக்கு அணித்தேயுள்ள பிரேமதாச மைதானத்தில் எழுந்த அன்றைய ஆரவாரம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மும்பைத் தோல்வி வந்தது.

யார் பக்கம் என்ற வினாவுக்கு முதல்நாள் வெவ்வேறு விடை சொன்னவர்கள், மறுநாள் அணித்தேர்வைப் பற்றி ஒரே சூட்டுடன் வாதாடினார்கள். இது கருதத்தக்கது. குற்றங் காணுதலும் ஓர் உரிமைப் பேச்சே. அயலவன் வீட்டுக் கூரை ஒழுகினால் யாரும் ஓட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

நால்வர் போயினர், நால்வர் வந்தனர்

வாதத்தின் மையப்பொருள் இதுதான். மார்ச் 29 ஆம் திகதி பிரேமதாச மைதானத்தில் நியூசிலாந்தை வென்ற பதினொருவருள் நால்வர் மும்பையில் ஆடவில்லை. அஞ்சலோ மத்தியூஸ், அஜந்த மெண்டிஸ், ரங்கன ஹேரத், சாமர சில்வா ஆகிய நால்வர் நின்றுவிட, திஸர பெரேரா, நுவன் குலசேகர, சுராஜ் ரந்திவ், சாமர கபுகெதர ஆகிய நால்வர் புகுந்தனர். வென்ற அணியில் நான்கு மாற்றம்; அதுவும் இறுதியாட்டத்தில்! தேநீர்க் கடை நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகை இவ்வொரு வரியே.

குற்றஞ்சாட்டுவோர் தரப்பை முதலிற் கேட்போம். மெண்டிஸை எவ்வாறு விடலாம் என்பது அவர்களுடைய முதல் வினா. நியூசிலாந்துக்கு எதிராக 3 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். 2008 ஜூலையிற் கராச்சியில் நிகழ்ந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இதே இந்தியாவை 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் என்று சாய்த்தவரும் அவரே. "அண்ணை, கராச்சியை மறந்திட்டாங்களோ?" என்று கேட்டவர் பலர். ரந்திவ் இறுதியாட்டத்துக்குச் சற்று முன்னரே குழுவிற் சேர்க்கப்பட்டவர். அவரை நேரே களத்தில் இறக்கியது ஏன் என்பது இரண்டாம் வினா. குலசேகர 8.2 ஓவர்களில் 64 ஓட்டங்களைக் கொடுத்தார். கபுகெதர ஓர் ஓட்டத்தோடு திரும்பினார். வேறு சான்றும் வேண்டுமோ என்பது முடிவு.

இனி மறுதரப்பைக் கேட்போம். மத்தியூஸ் தொடையிற் காயமுற்றார். அது தேர்வன்று, விதி. துடுப்பெடுத்தும் ஆடுவார், பந்தும் வீசுவார் என்னும் சகலதுறை ஆட்டக்காரர் ஒருவர் போனால், அவ்விடத்தை ஒருவரால் நிரப்பவியலாது. ஒரு தூணைக் கழற்றினால் மற்றத் தூண்களையும் நகர்த்தவேண்டியதாகிறது. பின்னாளில், 2020 இல், தமிழ்நாட்டு வீரர் அஸ்வினுடன் உரையாடியபோது சங்கக்கார இதனையே சொன்னார். மத்தியூஸின் காயமே அணியின் சமநிலையைக் குலைத்தது என்பதும், அவர் இருந்திருந்தால் தாம் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடவே தீர்மானித்திருப்பார் என்பதும் அவர் தந்த விளக்கம்.

பந்துவீச்சு மாற்றத்துக்கும் காரணம் உண்டு. வான்கடேயில் இரவிற் பனி விழும்; ஈரப்பந்தைச் சுழற்றுவது கடினம். மூன்று சுழற்பந்து வீச்சாளரோடு இறங்குவது அங்கே துணிகரம். கராச்சிக்குப் பின் இந்தியத் துடுப்பாட்டக்காரர் மெண்டிஸின் விரல் வித்தையைப் பயின்று கொண்டனர். மேலும் இந்திய வரிசையிற் கம்பீர், யுவராஜ், ரெய்னா என இடக்கையர் மூவர் இருந்தனர். அவர்களுக்கு வெளிப்புறமாகத் திரும்பும் பந்தை வீசுபவர் ரந்திவ். இந்நியாயங்கள் முழுவதும் சரியோ பிழையோ, ஆட்டத்துக்கு முன்னரே இருந்த நியாயங்கள்.

எண்களையும் நேர்மையாக நோக்கவேண்டும். குலசேகர கொடுத்த 64 ஓட்டங்களைச் சொல்வோர், அவர் துடுப்பால் எடுத்த 32 ஓட்டங்களைச் சொல்வதில்லை. 182 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் என்று அணி தளர்ந்த வேளையில், ஜயவர்தனவுடன் இணைந்து 66 ஓட்டங்களைச் சேர்த்தவர் அவர். திஸர பெரேரா 9 பந்துகளில் 22 ஓட்டங்களை எடுத்தார். ஈற்று ஐந்து ஓவர்களில் மட்டும் 63 ஓட்டங்கள் வந்தன. பழிக்கப்பட்ட ரந்திவ் 9 ஓவர்களில் 43 ஓட்டங்களையே கொடுத்தார். மாலிங்கவை விட்டால், அன்று முறையாகப் பந்து வீசியவருள் மிகச் சிக்கனமானவர் அவரே. கம்பீர் 30 ஓட்டங்களில் நின்றபோது ரந்திவின் பந்தை உயர அடித்தார். குலசேகர அதனைப் பற்றத் தவறினார். அப்பந்து கையில் நின்றிருந்தால், ரந்திவைத் தெரிந்தது பேரறிவு என்று இதே கடைகளில் இதே வாய்கள் போற்றியிருக்கும்.

காக்கையும் பனம்பழமும்

தருக்க நூலார் காகதாலீய நியாயம் என்று ஒன்று கூறுவர். காக்கை பனையில் வந்து இருந்தது, பனம்பழம் விழுந்தது. காக்கை இருந்தமையால் விழுந்ததென்று காண்பவன் முடிவு கட்டுகிறான். முன்னது நிகழ்ந்தது, பின்னது நிகழ்ந்தது. ஆகவே முன்னதே பின்னதற்குக் காரணம் என்பது அவன் வாதம். நான்கு மாற்றம் செய்தார்கள், தோற்றார்கள், ஆகவே நான்கு மாற்றமே தோல்விக்குக் காரணம் என்பதும் அந்தக் காக்கையின் கதையே.

நாற்பது பேர் கொண்ட வகுப்பிற் கணக்குத் தாள் திருத்தும் ஆசிரியர் இதனை நன்கு அறிவார். விடை பிழைத்தாலும் வழி சரியாயின் வழிக்குரிய புள்ளியை நாம் இடுகிறோம். வழி தவறி, விடை மட்டும் தற்செயலாகச் சரிவந்த மாணாக்கனை ஐயத்தோடு நோக்குகிறோம். விடையை மட்டும் பார்த்துப் புள்ளியிடும் ஆசிரியர் ஒருவர் இருப்பின், அவரிடம் பிள்ளையை அனுப்ப யாரும் விரும்பார். அந்த நீதியை அணித்தேர்வுக்கு மட்டும் மறுப்பது ஏன்? தேர்வாளன் முடிவு செய்தபோது அவன்முன் இருந்தவை எவை என்பதே வழி. ஆட்டம் முடிந்தபின் நம்முன் இருப்பது விடை.

இவ்வாறு கூறுவதால் அன்றைய தேர்விற் பிழையே இல்லையென்று கொள்ளற்க. மாற்றம் ஒன்று கட்டாயமாயிற்று. அதனைத் தொடர்ந்து இன்னொன்று வேண்டியிருந்தது. பனியின் பொருட்டு மூன்றாவதும் அமையலாம். நான்கு என்பது மிகை. பல வாரம் ஒருங்கு ஆடிப் பழகிய பதினொருவருள் நால்வரை இறுதியாட்டத்தில் மாற்றும்போது, ஆற்றல் குறையாவிடினும் பழக்கம் குறைகிறது. இந்தத் தீர்ப்பை முதல்நாளே சொல்லியிருக்கலாம். இந்தியா தோற்றிருந்தாலும் சொல்லலாம். வென்றாலும் தோற்றாலும் மாறாத தீர்ப்பே ஆராய்ச்சி. முடிவைப் பார்த்து மாறுவது வெறும் பேச்சு.

இன்னொன்றையும் மறத்தலாகாது. எதிரணியும் ஓர் அணியே. அன்று தோனி, யுவராஜுக்கு முன்னதாகத் தாமே ஐந்தாமவராக இறங்கினார். சென்னை அணியில் முரளிதரனோடு ஒருங்கு ஆடி அவர் பந்தைப் பழகியவர் தோனி. அந்தத் துணிவும் ஒரு தேர்வே. அது பிழைத்திருந்தால் இந்தியத் தெருக்களில் அதுவே குற்றமாகியிருக்கும். நம் தோல்விக்கு நம் பிழையை மட்டும் தேடுபவன், தன்னை அறியாமலே மாற்றானின் திறமையை மறுத்துவிடுகிறான்.

ஐயம் வழக்கான கதை

பேச்சு பேச்சாகவே நின்றுவிடின் தீங்கில்லை. அது வளர்ந்து எங்கே சென்றது என்பதையும் நாம் கண்டோம். தோல்விக்குப் பின் சில நாட்களுள் சங்கக்கார தலைமையைத் துறந்தார். அரவிந்த டி சில்வா தலைமையிலான தேர்வுக்குழுவும் விலகியது. பொறுப்பேற்று விலகுதல் மானமுடையோர் செயல் என்று சிலர் கண்டனர். "ஒன்றும் இல்லாமலா விலகினார்கள்?" என்று வேறு சிலர் கண் சிமிட்டினர். அன்று விதைத்த ஐயம் ஒன்பது ஆண்டு மண்ணுக்குள் கிடந்தது.

2011 இல் விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த மகிந்தானந்த அளுத்கமகே, அவ்விறுதியாட்டம் விற்கப்பட்டதென்று 2020 ஜூன் மாதத்திற் கூறினார். பொலிஸ் விசாரணை தொடங்கியது. அரவிந்த டி சில்வா, உபுல் தரங்க, சங்கக்கார ஆகியோர் அழைக்கப்பட்டனர். சங்கக்கார பல மணி நேரம் விசாரிக்கப்பட்டார். தேநீர்க் கடையில் எழுந்த அதே வினா, அணியில் ஏன் மாற்றம் செய்தீர்கள் என்னும் வினா, இப்பொழுது பொலிஸ் நிலையத்தில் எழுந்தது. ஜூலை 3 ஆம் திகதி, குற்றத்துக்குச் சான்றில்லை என்று விசாரணை முடிக்கப்பட்டது. அந்த ஆட்டத்தின் நேர்மையை ஐயுறக் காரணமில்லை என்று சர்வதேச கிரிக்கெட் சபையும் அறிவித்தது.

திருவள்ளுவர் அரசியலிலே இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஒன்று, தெரிந்துதெளிதல். தெளிந்தவனைத் தக்க வினையில் அமர்த்துவதற்கு மற்றொன்று, தெரிந்துவினையாடல். தேர்வுக்குழுவினர் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கத்தக்க பாடங்கள் அவை. முதலாவதன் ஈற்றில் அவர் கூறும் கருத்து இரசிகர்க்கும் உரியது. ஆராயாது ஒருவனை நம்புதலும், ஆராய்ந்து நம்பிய ஒருவனைப் பின்னர் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்பது அது. முதற்பாதி தேர்வாளர்க்கு. இரண்டாம் பாதி நமக்கு.

வலையைக் காத்தவன்

ஐயத்தின் கொடுமையைக் கிரிக்கெட்டிலும் கூர்மையாகக் காட்டுவது ஹொக்கி வரலாறு. 1980 இல் மொஸ்கோ ஒலிம்பிக்கில், தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹொக்கி அணி தங்கம் பெற்றது. இரண்டரை ஆண்டும் நிறையவில்லை. 1982 டிசம்பர் 1 ஆம் திகதி புதுடில்லியில் ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டம். எதிரே பாகிஸ்தான். பிரதமர் இந்திரா காந்தி பார்வையாளராக வந்திருந்தார். முதற் கோலை இந்தியாவே போட்டது. அதன்பின் பாகிஸ்தான் ஏழு கோல்களைப் போட்டது. 7–1.

தோல்வியின் பேரளவு மக்களைத் திகைக்கச் செய்தது. திகைப்பு ஒரு முகத்தைத் தேடியது. கோல் காப்பாளர் மீர் ரஞ்சன் நேகியின் முகம் கிடைத்தது. தாக்கப் போன முன்னணி, திரும்பி வராத நடுவணி, நிலைகுலைந்த பின்னணி எல்லாம் மறைந்தன. ஏழு முறையும் பந்தின் எதிரே கடைசியாக நின்றவன் ஒருவனே கண்ணிற் பட்டான். பகைவரிடம் பணம் வாங்கினான் என்னும் பழி எழுந்தது. சென்ற இடமெல்லாம் அவரை ஏளனம் தொடர்ந்தது. தம் நாட்டுக்காகத் தடியெடுத்து நின்ற ஒருவர், தம் நாட்டிலேயே தலைகுனிந்து நடக்கவேண்டியதாயிற்று.

அணிவரிசையிற் சில இடங்கள் பழிக்கென்றே அமைந்தவை போலும். கோல் காப்பாளன் இடம் அவற்றுள் முதலாவது. 1950 ஜூலை 16 ஆம் திகதி பிரேசிலின் மரக்கானா மைதானத்திலே உருகுவேயிடம் 2–1 எனக் கால்பந்தாட்டத்திற் பிரேசில் தோற்றது. அன்று கோல் காத்த பார்போசா 2000 ஆம் ஆண்டில் இறக்கும்வரை அப்பழியிலிருந்து முற்றாக மீளவில்லை. பத்துப்பேரின் பிழைகள் மைதானத்திற் கரைந்துவிடும். பதினோராமவன் பிழை மட்டும் வலையில் தங்கும். எல்லோரும் எண்ணிப் பார்க்கலாம்.

நேகியின் கதை அங்கே முடியவில்லை. 2002 இல் மன்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இந்திய மகளிர் ஹொக்கி அணி தங்கம் வென்றபோது, அவ்வணியின் கோல் காப்பாளர்க்குப் பயிற்சியளித்தவர் அவரே. 2007 இல் வெளிவந்த 'சக் தே இந்தியா' என்னும் திரைப்படத்தின் நடிகையர்க்கு ஹொக்கி பயிற்றியவரும் அவரே. இருபது ஆண்டு கழித்து ஒரு மனிதர் நிமிர்ந்தார் என்று நாம் மகிழலாம். அந்த இருபது ஆண்டுகளுக்கு யார் விடை கூறுவது?

காலம் சில வேளை விரைவாகவும் கணக்குத் தீர்க்கும். 2014 ஏப்பிரல் 6 ஆம் திகதி டாக்காவில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. மீண்டும் இலங்கையும் இந்தியாவும். மும்பையிற் பழிக்கப்பட்ட குலசேகரவும் திஸர பெரேராவும் அன்றும் ஆடினர். பெரேரா அடித்த ஆறு ஓட்டத்தோடு இலங்கை கிண்ணத்தை வென்றது. மறுகரையில், 2011 உலகக் கிண்ணத் தொடரின் சிறந்த வீரராகப் போற்றப்பட்ட யுவராஜ் சிங், டாக்காவில் 21 பந்துகளில் 11 ஓட்டங்களே எடுத்தார். சண்டிகாரில் அவர் வீட்டின்மீது கல்லெறி நிகழ்ந்ததாகச் செய்தி வந்தது. மூன்றாண்டில் ஆபரணம் கல்லடிக்கு இலக்காயிற்று. ஆடியவர் அவரே, மாறியது நாம் பேசும் இடம்.

சஞ்சயனும் வெண்ணிப் புலவரும்

தோல்விக்குப் பின் அணிவகுப்பை ஆராய்தல் நமக்குப் புதிதன்று. வியாச பாரதத்து உத்தியோக பருவத்தில், போருக்கு முன் வீட்டுமன் தன் பக்கத்து வீரரைத் தரம் பிரிக்கிறான். இவன் இரதன், இவன் அதிரதன், இவன் மகாரதன் என்று எண்ணி வந்தவன், கன்னனை அரைஇரதன் என்று சொல்லிவிடுகிறான். வெகுண்ட கன்னன், வீட்டுமன் வீழும்வரை களம்புகேன் என்று விலகுகிறான். பத்து நாட் போரிற் கௌரவர் அணியிற் கன்னன் இல்லை. உலகம் கண்ட அணித்தேர்வுப் பிணக்குகளுள் இதனை விஞ்சியது எது?

ஒவ்வொரு வீழ்ச்சியின் பின்னும் திருதராட்டிரன் சஞ்சயனைக் கேட்கிறான். யார் எங்கே நின்றார்? யார் யாரைக் காத்தார்? ஏன் காக்கவில்லை? களத்தைக் காணாத ஒருவன் அமர்ந்த இடத்திலிருந்து கேட்கும் இவ்வினாக்கள் நமக்கு மிகவும் பழக்கமானவை. விடை கூறும் சஞ்சயன் இடையிடையே மன்னனுக்கு நினைவூட்டுவது ஒன்று உண்டு. இதில் உன் பிழையும் உண்டு என்பதே அது. திருதராட்டிரன் படர்க்கையிற் கேட்கிறான். சஞ்சயன் அவனைத் தன்மைக்கு அழைக்கிறான்.

சங்கச் சான்றோர் இன்னும் ஒரு படி மேற்சென்றனர். வெண்ணிப் போரிற் கரிகாற் சோழன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். மார்பிற் பாய்ந்த படைக்கலம் முதுகையும் ஊடுருவியதால் அதனைப் புறப்புண்ணாகக் கருதி நாணி, சேரன் வடக்கிருந்தான். அவ்வேளையில் வெண்ணிக் குயத்தியார், வென்ற கரிகாலனைப் பார்த்தே, உன்னினும் அவன் நல்லன் அன்றோ என்னும் கருத்தமையப் பாடினார். புறநானூற்றில் அப்பாட்டு உளது. வெற்றி வேறு, தகுதி வேறு என்று வென்றவனின் முகத்துக்கு நேரே சொன்ன மதிப்பீடு அது. முடிவை நோக்கித் தீர்ப்பை வளைக்காத திறனாய்வுக்குத் தமிழில் அதனினும் பழைய சான்று தேடவேண்டியதில்லை.

நாம் என்னும் சொல்

ஆகவே இரசிகர்கள் வாய்மூடி இருக்கவேண்டுமோ? வேண்டா. விளையாடுவோர் பதினொருவர், பேசுவோர் பல்லாயிரவர். அப்பேச்சு இல்லையேல் விளையாட்டு வெறும் உடற்பயிற்சி. இளைஞர்கள் அணியை அலசட்டும். எண்களை எடுத்துக் காட்டட்டும். மறுப்போர் வாய்மொழியையும் கேட்கட்டும். வாதஞ் செய்யும் கலையை ஏட்டிற் படித்தும் பெறாத மாணாக்கன், தேநீர்க் கடையில் அதனைப் பெறுவதும் உண்டு.

ஆனால் அதற்கு மூன்று வரம்பு உண்டு. தேர்வு நிகழ்ந்த நேரத்தில் அறியப்பட்டதை வைத்தே தேர்வை அளத்தல் முதலாவது. ஒருவன் பிழையை எண்ணும்போது, அவன் நன்மையையும் மற்றப் பதின்மர் பிழையையும் ஒருங்கு எண்ணுதல் இரண்டாவது. பிழை வேறு, வஞ்சகம் வேறு என்று அறிதல் மூன்றாவது. பிழைத்தான் என்று சொல்ல ஆட்டத்தை அறிந்தாற் போதும். விற்றான் என்று சொல்லச் சான்று வேண்டும். சான்றின்றி அச்சொல்லைச் சொல்பவன், ஒருவனுடைய இருபது ஆண்டைக் கடன் வாங்கித் திருப்பிக் கொடாதவன் ஆகிறான்.

மூன்று வரம்பையும் நினைவில் வைத்துக்கொள்ள இயலாதவர்க்கு எளிய வழி ஒன்றுண்டு. தோற்ற நாளிலும் தன்மையிலேயே பேசுக. "அவர்கள் ஏன் நான்கு மாற்றம் செய்தார்கள்?" என்னாது, "நாம் ஏன் நான்கு மாற்றம் செய்தோம்?" என்று கேட்டுப் பார்க்க. அவ்வாறு கேட்டவுடன் குரல் தாழ்கிறது. காரணம் தேடத் தோன்றுகிறது. பனி விழுந்ததும், மத்தியூஸ் நொண்டியதும், கைநழுவிய பந்தும் நினைவுக்கு வருகின்றன. தன் வீட்டுப் பிள்ளை பரீட்சையிற் பிழைத்தால் எவ்வாறு பேசுவோமோ அவ்வாறு பேசத் தொடங்குகிறோம். கண்டிப்பு இருக்கும், பழி இராது.

இனியும் ஆட்டங்கள் வரும், தோல்விகளும் வரும். காலி வீதியிலும் ஜிந்துப்பிட்டிச் சந்தியிலும் மறுநாட் காலை தேர்வுக்குழுக்கள் கூடியே தீரும். அவை கூடுக. ஆட்டத்தில் வென்றபோது அணியை அணிந்துகொண்டவர்கள், தோற்றபோது அதனைக் கழற்றி எறியாமல், கையில் எடுத்து எங்கே தேய்ந்தது என்று பார்ப்பார்களாக.